அருணாசலம் நம்பிய கடிதம்

மட்டக்களப்பு வாவியின் குறுக்கே கல்லடியில் நிற்கும் பழைய இரும்புப் பாலத்துக்கு லேடி மன்னிங் பாலம் என்று பெயர். 1924ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அப்பாலம், அன்று இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் மன்னிங்கின் துணைவியாருடைய பெயரைத் தாங்கியது. 2013ஆம் ஆண்டில் அதனருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் பழைய பாலத்தை நாம் கைவிட்டுவிடவில்லை. ஆனால் மன்னிங் யார், அவர் காலத்தில் இந்நாட்டுத் தமிழரின் அரசியலில் என்ன நிகழ்ந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் நம்மிடையே மிகச் சிலரே.

அப்பாலம் எழுந்த அதே 1924ஆம் ஆண்டின் ஜனவரி 9ஆம் திகதி, தலயாத்திரையாகச் சென்றிருந்த மதுரை மாநகரில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் காலமானார். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதலாவது தலைவராக விளங்கிய அப்பெரியார், தாம் தோற்றுவித்த இயக்கத்திலிருந்தே மனம் நொந்து வெளியேறியவராக மறைந்தார். அந்த மனவேதனைக்குக் காரணமாக அமைந்தது ஒரு கடிதம். பாலத்துக்கும் அவருடைய மறைவுக்கும் நூறாண்டுகள் கடந்துவிட்ட இவ்வேளையில், அவருடைய வாழ்வையும் அந்தக் கடிதத்தையும் வாவிக்கரையிலிருந்து மீள நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்பு கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கட்டுவித்தவர். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார், சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்த முதல்வர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. மூத்த சகோதரர்களுள் ஒருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதிகாரமும் செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்த்த அக்குடும்பத்தின் பிள்ளைக்கு வாழ்வு இலகுவாகவே அமைந்திருக்கலாம். ஆயினும் அருணாசலம் தம் திறமையைக் கொண்டே முன்னேறினார். பின்னர் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியில் பயின்று, புலமைப் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். 1875ஆம் ஆண்டில், போட்டிப் பரீட்சையில் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் என்ற பெருமையைப் பெற்றார்.

அக்காலச் சிவில் சேவை வெள்ளையரின் கோட்டையாக விளங்கியது. சுதேசி ஒருவர் அதனுள் நுழைவதே அரிது. நுழைந்தபின் உயர்வது அதனினும் அரிது. நாட்டின் பல பாகங்களில் நீதிபதியாகக் கடமையாற்றிய அருணாசலத்தை, 1880களின் பிற்பகுதியில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் பதிவாளர் நாயகமாக நியமித்தார். தம்மைத் தாண்டி ஒரு சுதேசி உயர்த்தப்பட்டதைப் பொறாத மூத்த அதிகாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அருணாசலம் வாதத்தால் அன்றி வேலையால் விடை கூறினார். பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் காணிப் பதிவுகளையும் சீர்செய்து அத்திணைக்களத்தை முன்மாதிரியாக ஆக்கினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் சனத்தொகை 35,65,954 எனக் கணக்கிட்ட அந்த மதிப்பின் அறிக்கை வெறும் எண்களின் தொகுப்பாக அமையவில்லை. இந்நாட்டு மக்களின் வரலாறு, மொழி, சமயம், வழக்காறு ஆகியவற்றை ஆராயும் நூலாகவே அது விளங்கியது. பிற்காலத்தில் இனவாரி எண்ணிக்கையே அரசியலின் அச்சாணியாகப் போகின்றது என்பதை அன்று அவர் எதிர்பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

அவருடைய வாழ்வில் கடிதங்களுக்குத் தனி இடம் உண்டு. கேம்பிரிட்ஜில் பழகிய ஆங்கிலச் சிந்தனையாளர் எட்வேட் காப்பென்ரருடன் அவர் கொண்ட நட்பு, கடல் கடந்த கடிதங்களால் வாழ்நாள் முழுவதும் வளர்ந்தது. பகவத் கீதையைக் காப்பென்ரருக்கு அனுப்பிவைத்து அவரைக் கீழைத் தேய ஞானத்தின்பால் ஈர்த்தவர் அருணாசலமே. 1890ஆம் ஆண்டில் இலங்கை வந்த காப்பென்ரர், அருணாசலத்தின் துணையால் தமிழ் ஞானி ஒருவரைச் சந்தித்து, அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். மெய்ஞ்ஞானம் பற்றி அருணாசலம் எழுதிய கடிதங்களை அவர் மறைந்தபின், 1927ஆம் ஆண்டில், நூலாக வெளியிட்டவரும் அந்த நண்பரே. எழுதியவரின் சொல்லுக்கும் உள்ளத்துக்கும் இடைவெளி இல்லாத கடிதங்கள் அவை. கடிதம் என்பது மனச்சாட்சியின் ஆவணம் என்ற நம்பிக்கையை அந்த நட்பு அவருள் வேரூன்றச் செய்திருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

1906ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபைக்கும் 1912ஆம் ஆண்டில் நிர்வாக சபைக்கும் நியமனம் பெற்ற அருணாசலம், 1913ஆம் ஆண்டில் சேர் பட்டத்துடன் ஓய்வு பெற்றார். அறுபது வயதில் ஓய்வுபெறும் உயர் அதிகாரி ஒருவர் ஓய்வூதியத்தோடும் புத்தகங்களோடும் அமைதியாக வாழ்வதே வழக்கம். அவரோ அந்த வயதில்தான் பொதுவாழ்வை ஆரம்பித்தார். 1915ஆம் ஆண்டில் சமூக சேவைக் கழகத்தைத் தோற்றுவித்துக் கொழும்பு நகர ஏழைகளின் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் உழைத்தார். 1906ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழக இயக்கத்தை ஆரம்பித்து, 1921ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்படும் வரை சளைக்காது வாதாடினார். 1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்து, வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைச் சிறையிலடைக்க வழிசெய்த சட்டத்தை எதிர்த்துப் போராடினார். 1920களின் தொடக்கத்தில் அக்கொடுமை நீங்கியதில் அவருடைய பங்கு பெரிது. மலையகத் தமிழருக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளுள் ஒருவராக அவரைக் கொள்வது முற்றிலும் பொருந்தும்.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி, நமது அரசியல் தேவைகள் என்னும் பொருளில் கொழும்பில் அவர் நிகழ்த்திய உரை இந்நாட்டு அரசியலில் ஒரு திருப்புமுனை எனலாம். ஆண்டாண்டு காலமாக அரசாங்கத்துக்கு உள்ளேயிருந்து அதன் இயக்கத்தை அறிந்த ஒருவர், பொறுப்பாட்சி வேண்டுமென வெளிப்படையாகக் கேட்டமை ஆட்சியாளருக்கு அதிர்ச்சியளித்தது. அடுத்த மாதமே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் உருவானது.

முதலாவது உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடிமைப்பட்ட நாடுகளெங்கும் கடிதங்களும் விண்ணப்பங்களும் பறந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி சேர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்குச் சுயாட்சி கிடைக்க உதவுமாறு கோரி அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கத் தம்பதியர் இருவர் அதனை மறைவாக எடுத்துச் சென்று சேர்ப்பித்தனர். விடயம் வெளிவந்ததும் பிரித்தானியப் பாராளுமன்றம் கொதித்தது. கண்டனத்துக்குள்ளான ஐயர், 1918ஆம் ஆண்டில் தமது பட்டங்களைத் துறந்தார். தேசங்களின் சுயநிர்ணயம் பற்றி வில்சன் உலகறியப் பேசிய ஆண்டும் அதுவே. ஆனால் அவருடைய இராஜாங்கச் செயலாளர் ரொபேட் லான்சிங், அதே ஆண்டின் இறுதியில் தமது தனிப்பட்ட குறிப்புகளில், அச்சொல் நிறைவேற்ற முடியாத நம்பிக்கைகளை எழுப்பிப் பெரும் துன்பத்தில் முடியும் என அஞ்சினார். 1921ஆம் ஆண்டில் லான்சிங் தமது நூலை வெளியிட்டபோதே உலகம் அதனை அறிந்தது. மேடையில் ஒரு சொல்லும் அலுவலக மேசையில் வேறொரு சொல்லுமாக அதிகாரம் நடந்துகொள்வது வாஷிங்டனுக்கு மட்டும் உரிய இயல்பன்று. கொழும்பிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

இலங்கையில் சீர்திருத்தம் கேட்க முற்பட்டோரிடையே ஒரு சிக்கல் எழுந்தது. சபையில் உறுப்பினரை இனவாரியாக நியமிப்பதே அதுவரை நிலவிய முறை. அதனை நீக்கிப் பிரதேசவாரியாகத் தெரிவுசெய்ய வேண்டும் என்பது கொழும்புத் தலைவர்களின் கோரிக்கை. கொள்கையளவில் அருணாசலமும் அதனையே விரும்பினார். ஆனால் பிரதேசவாரி முறையில் சிங்களவர் பெரும்பான்மை பெறத் தமிழரின் குரல் அமுங்கிவிடும் என யாழ்ப்பாணச் சங்கம் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமல் நாடு தழுவிய ஓர் இயக்கத்தைக் கட்டியெழுப்ப இயலாது. இரு பக்கத்தாரின் மதிப்பையும் பெற்றிருந்த அருணாசலமே நடுவில் நின்று பேசினார்.

அதன் பயனாகப் பிறந்ததே 1918ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் திகதியிட்ட கடிதம். இலங்கைத் தேசிய சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பீரிஸும், இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவர் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் அதில் ஒப்பமிட்டிருந்தனர். பிரதேசவாரி முறை நிலவும்வரை மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனத்தை ஒதுக்குவதற்கு முனைப்புடன் ஆதரவளிப்பதாக அவர்கள் அதில் உறுதியளித்தனர். அருணாசலம் அக்கடிதத்தை யாழ்ப்பாணச் சங்கத் தலைவர் ஏ. சபாபதியிடம் சேர்ப்பித்து, ஐயங்களை நீக்கி, அச்சங்கத்தை இணங்கச் செய்தார். ஓராண்டின் பின்னர், 1919ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் திகதி, இலங்கைத் தேசிய காங்கிரஸ் அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது. அதன் முதலாவது தலைவராக அருணாசலம் ஏகமனதாக வீற்றிருந்தார். சிங்களவரும் தமிழரும் ஒரே மேடையில் நின்ற அந்த நாளே அவருடைய பொதுவாழ்வின் சிகரம்.

அதே வேளையில் வேறு கடிதங்களும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. 1918ஆம் ஆண்டில் தேசாதிபதியாகப் பதவியேற்ற மன்னிங், காங்கிரஸ் நாட்டு மக்கள் அனைவரையும் பிரதிநிதித்துவப்படுத்தும் அமைப்பு அன்று எனவே கருதினார். அவர் இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டுச் செயலாளர்களுக்கு அனுப்பிய நிருபங்களிலும் அக்கருத்தே மேலோங்கி நின்றது. முதலில் மில்னர் பிரபு, பின்னர் வின்ஸ்ரன் சேர்ச்சில், அவருக்குப்பின் டெவன்ஷயர் பிரபு என அப்பதவியில் அடுத்தடுத்து மூவர் அமர்ந்தனர். கண்டிச் சிங்களவரின் அச்சம், தமிழரின் அச்சம், முஸ்லிம்களின் அச்சம் ஆகியன ஒவ்வொன்றும் தேசாதிபதியின் கையில் காங்கிரஸுக்கு எதிரான கருவியாயின. இந்த அச்சங்களை மன்னிங் உண்டாக்கினார் என்று கூறுவது மிகையாகும். முன்னரே இருந்த விரிசல்களை அவர் கண்டறிந்து பயன்படுத்தினார் என்பதே உண்மை.

1920ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் மேல் மாகாணத்துக்கு மூன்றும் ஏனைய மாகாணங்களுக்கு ஒவ்வொன்றுமாகப் பதினொரு பிரதேச ஆசனங்கள் ஏற்படுத்தப்பட்டன. தமிழருக்கென உறுதியளிக்கப்பட்ட மேல் மாகாண ஆசனம் அதில் இடம்பெறவில்லை. அதனைப் பெற்றுத்தருமாறு தமிழர் காங்கிரஸை வற்புறுத்தியபோது கிடைத்த விடை கசப்பானது. கடிதத்தில் ஒப்பமிட்டவை வேறு இரு சங்கங்கள். அவற்றின் வாக்குறுதி புதிதாகத் தோன்றிய காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது என்பதே அந்த விடை. 1921ஆம் ஆண்டில் கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலமே பொருத்தமானவர் எனப் பலர் எண்ணியிருக்க, கடிதத்தில் ஒப்பமிட்ட ஜேம்ஸ் பீரிஸே காங்கிரஸின் ஆதரவுடன் அவ்வாசனத்தைப் பெற்றார். அதே ஆண்டில் அருணாசலம் காங்கிரஸிலிருந்து விலகினார். ஆகஸ்ட் மாதத்தில் தமிழர் மகாஜன சபை தோன்றியது. 1923ஆம் ஆண்டில் அவருடைய முயற்சியால் இலங்கைத் தமிழர் கழகம் உருவாயிற்று.

காங்கிரஸ் தலைவர்களின் பக்கத்தையும் இங்கு கூறுவதே நேர்மை. இனவாரி ஆசனம் என்ற கொள்கையை ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அதற்கு முடிவே இராது என அவர்கள் கருதினர். சபையில் சிங்களவருக்கு ஏறத்தாழ நிகரான இடத்தை முன்னர் தமிழர் பெற்றிருந்தமை சனத்தொகைக்குப் பொருந்தாதது எனவும் அவர்கள் வாதிட்டனர். அவ்வாதங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவையனைத்தும் 1918ஆம் ஆண்டிலும் அவர்களுக்குத் தெரிந்தவையே. தெரிந்துகொண்டே கொடுத்த வாக்கு, காரியம் கைகூடியபின் சட்ட நுணுக்கத்தால் தட்டிக்கழிக்கப்பட்டது. கேட்ட ஆசனமோ ஒன்றே ஒன்று. அந்த ஓர் ஆசனத்தை விட்டுக்கொடுத்திருந்தால் காங்கிரஸ் இழந்திருக்கக்கூடியது அற்பம்; விட்டுக்கொடாமையால் இந்நாடு இழந்தது எவ்வளவு என்பதை இன்று நாம் அறிவோம். இதில் மேலும் ஒரு முரண் உண்டு. 1924ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மேல் மாகாணத் தமிழருக்கென அந்த ஓர் ஆசனத்தை வழங்கியது. சகோதரர் கையால் கிடைக்காதது தேசாதிபதியின் கையால் கிடைத்தது. அருணாசலத்தின் புதல்வர் மகாதேவா அதில் அமர்ந்தார். தந்தை அதனைக் காண உயிருடன் இல்லை.

வாவிக்கரையில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் மற்றொரு கேள்வியும் எழுகின்றது. 1918ஆம் ஆண்டின் கடிதம் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நடந்த பேச்சின் விளைவு. மட்டக்களப்பிலிருந்து எவரும் அதில் ஒப்பமிடவில்லை. அன்று இங்கு புகையிரதம் இல்லை. 1928ஆம் ஆண்டில்தான் அது வந்து சேர்ந்தது. கல்லடியில் பாலமும் இல்லை. எழுவான்கரையின் மீனவரும் படுவான்கரையின் வேளாளரும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், தம்மைப் பற்றிய அரசியல் பேரங்கள் நடப்பதையே அறியாதிருந்தனர். சொத்தும் கல்வியும் உடைய ஆண்களுள் ஒரு சிறு பகுதியினருக்கே அன்று வாக்குரிமை இருந்தது. எல்லோருக்கும் அது கிடைத்தது 1931ஆம் ஆண்டில். அருணாசலத்தின் காலத்து அரசியல், ஒருவரையொருவர் அறிந்த கனவான்கள் சிலருக்கிடையே நடந்த அரசியல். அதன் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே. ஒரு கனவான் மற்றொரு கனவானின் ஒப்பத்தை நம்பினார். அந்த ஒப்பத்துக்குப் பின்னால் கேள்வி கேட்கும் மக்கள் திரள் எதுவும் இருக்கவில்லை. ஆகவே அதனை மீறியவர்களுக்கு இழப்பும் ஏற்படவில்லை. தேசாதிபதியின் நிருபங்களுக்குப் பின்னால் ஒரு சாம்ராச்சியம் இருந்தது. அருணாசலத்தின் கையிலிருந்த கடிதத்துக்குப் பின்னால் நம்பிக்கை ஒன்றே இருந்தது.

இதனை அவருடைய பேதைமை என்று சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. நம்பிக்கை வைப்பது குற்றமன்று. நம்பிக்கையை நிறுவனமாகவும் சட்டமாகவும் ஆக்கிக்கொள்ளாது விடுவதே குறை. காங்கிரஸ் தோன்றிய அன்றே அந்த வாக்குறுதி அதன் யாப்பில் எழுதப்பட்டிருந்தால், எங்கள் ஒப்பமன்று என்று கூறும் வாய்ப்பு எவருக்கும் கிடைத்திராது. அப்பாடத்தை நாம் உரிய காலத்தில் கற்றோமா? 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டே கிழித்தெறியப்பட்டது. 1965ஆம் ஆண்டின் டட்லி – செல்வநாயகம் ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. ஒவ்வொரு முறையும் இரு தலைவர்களின் ஒப்பம் இருந்தது. அதனைக் காக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

அருணாசலத்தின் புகழ் அவருடைய மனக்கசப்போடு முடிந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டில் கொழும்பில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் விடுதியில் தங்கிப் படித்த தலைமுறைகளுள் நம் மாவட்டத்து மாணவரும் அடங்குவர். தேவாரத்திலும் திருவாசகத்திலும் தோய்ந்த அவ்வுள்ளம் இறுதியில் மீனாட்சியம்மையின் நகரில் அமைதி கண்டது. பதவியில் இருந்தபோது நேர்மையும், பதவி நீங்கியபின் துணிவும் காட்டிய அவரைப் போன்றோர் எக்காலத்திலும் சிலரே.

ஆயினும் அவரை நினைவுகூர்வது, வஞ்சிக்கப்பட்டோம் என்று நொந்துகொள்வதற்காக மட்டும் அமையக்கூடாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழரே பெரும்பான்மையினர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அருணாசலம் எண்ணக் கற்பித்த அந்தக் கணக்கு, நாடு முழுவதிலும் சிறுபான்மையாக உள்ள நம்மை இந்த வாவிக்கரையில் பெரும்பான்மையின் இடத்தில் நிறுத்துகின்றது. காணி, எல்லை, சந்தை, உள்ளூராட்சி என ஒவ்வொரு விடயத்திலும் காத்தான்குடியும் ஏறாவூரும் நம்மிடம் ஓர் உறுதிமொழியை எதிர்பார்க்கும் வேளைகள் வருகின்றன. அயல் மாவட்டமாகிய அம்பாறையில், முஸ்லிம்கள் கூடுதலாக வாழும் ஊர்களிலுள்ள தமிழர் அதே எதிர்பார்ப்புடன் அவர்களை நோக்குகின்றனர். தேர்தல் காலத்தில் கொடுக்கும் வாக்கைத் தேர்தல் முடிந்தபின், அது வேறு கட்சி கொடுத்தது, வேறு சபை கொடுத்தது என்று நாம் தட்டிக்கழிப்போமாயின், ஜேம்ஸ் பீரிஸைக் குறைகூறும் தகுதியை இழந்துவிடுவோம்.

கல்லடிப் பாலம் இரு கரைகளையும் இணைத்து நிற்பது அதன் இரும்பு இரு பக்கமும் ஆழ ஊன்றப்பட்டிருப்பதனாலேயே. 1918ஆம் ஆண்டின் கடிதம் ஒரு கரையில் மட்டும் ஊன்றியிருந்தது. இனிமேல் நாம் எழுதும் கடிதங்களேனும் இரு கரையிலும் ஊன்றியவையாக அமைய வேண்டும். அருணாசலம் என்ற அப்பெரியாருக்கு வாவிக்கரை மக்கள் செலுத்தக்கூடிய உண்மையான அஞ்சலி அதுவே.